நான் ஏறினால் எடுக்காத வண்டி

செல்ப் என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் போனைத் தூக்கி மூஞ்சிக்கு நேரே பிடிக்கிறார்கள். அது செல்ஃபி. நான் சொல்கிறது அதை இல்லை. நம் வயசு ஆட்களுக்குத் தெரியும். சாவியைத் திருகினதும் கிர்ர்ர் என்று இழுத்து இஞ்சினை உசுப்பிவிடுமே, அந்தச் செல்ப். வண்டி கிளம்பாமல் நின்றால் "செல்ப் எடுக்கல, எல்லாரும் இறங்குங்க" என்பார்களே, அது. நீங்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எத்தனையோ கல்யாண வேனைத் தள்ளியிருப்பீர்கள்.

எனக்கும் செல்புக்கும் சின்ன வயசிலேயே ஒரு வழக்கு உண்டு. தீர்ப்பு எனக்கு எதிராக ஆகிவிட்டது. தீர்ப்புச் சொன்னவர்களில் முக்கால்வாசிப்பேர் இப்போது உயிரோடு இல்லை, அதனால் யாரிடம் போய் மறுபடி கேட்பது என்றும் தெரியவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நான் எழுத்துக்கூட்டி எழுதுகிறவள், மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்கள் வேறு பக்கத்தைப் புரட்டிக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவிடம் ஒரு பழைய பெட்ரோல் வேன் இருந்தது. மதுரையில் யாரோ ஓட்டிச் சலித்துக் கழித்ததை வாங்கிப் பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் காய்க்கிற கத்தரிக்காய், தக்காளி, அவரைக்காயை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு மதுரை டவுனுக்குள் சிம்மக்கல் கடைகளுக்குப் போவார். பின்னால் மூட்டைகளோடு லோடுமேன் மாமா உட்கார்ந்து வருவார். சொந்த மாமா இல்லை, ஆனால் அப்பாவை மாப்ள என்று கூப்பிடுகிற பழக்கம். வாய் ஓயாத மனிதர்.

ஊர்ப் பள்ளிக்கூடம் அஞ்சாப்போடு முடிந்தது. அண்ணன் அதற்கு முன்னமே அப்பாவோடு வேனில் போய் டவுனில் படித்துக்கொண்டிருந்தான். நான் அஞ்சாப்பு முடித்ததும் அப்பாவேதான் சொன்னார், "இதையும் ஏத்திக்கிட்டுப் போனா என்ன? சிம்மக்கல் பக்கத்துலதான் பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடம் இருக்கு." அம்மா முறைத்தாள். அப்பா கேட்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து ஆறாப்புக்கு டவுனுக்குப் போன முதல் பொம்பளைப் பிள்ளை நான்தான். இதை இப்போதும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, கையில் அலுமினியப் பெட்டி. திறந்து மூடினால் சாப்பாட்டுத் தட்டைக் கீழே போட்ட மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே சும்மா சும்மா திறந்து மூடுவேன்.

வண்டியில் யாருக்கு எந்த இடம் என்பதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வலது பக்கம் அப்பா. இடது பக்கம் ஜன்னல் ஓரமாக அண்ணன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் பேட்டரி. பெட்டிக்கு மூடியாக ஒரு பலகை, பலகை மேல் மடித்துப்போட்ட சாக்கு. அந்தச் சாக்கின் மேல்தான் என் இடம். கீழே இருந்து புளித்த வாடை வரும், பழைய ஊறுகாய்ச் சாடியைத் திறந்த மாதிரி. பின்னாலிருந்து தக்காளி வாடை. முன்னாலிருந்து பெட்ரோல். காற்று மட்டும் எனக்கு வராது, அண்ணனின் தலை மறைத்துவிடும்.

"அண்ணே, ஒரு நாளைக்கு மட்டும் நான் அங்க உக்காருறேன்ணே."

"போடி. எனக்குக் காத்து வேணும். இல்லன்னா வாந்தி வரும்."

அவன் வாந்தி எடுத்து நான் பார்த்ததே இல்லை.

அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை என்றால் வண்டிக்குக் குளிப்பாட்டு. தேய்த்துக் கழுவி, முன் விளக்குகளுக்கும் ஸ்டீயரிங்குக்கும் சந்தனம் வைப்பார். அதோடு விட்டாரா, பலகையைத் தூக்கி, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மாட்டியிருக்கிற கிளாம்பைக் கழற்றி, ஈரத்துணியால் ஒற்றி, ஆளுக்கொரு பொட்டாகச் சந்தனமும் குங்குமமும் அப்புவார். மாட்டுக்குக் கொம்பில் வைப்பாரே, அதே பக்குவம். "வண்டிக்கு உசுரே இதுலதான் இருக்கு" என்பார். அப்புறம் சந்தனத்தின் மேலேயே கிளாம்பை மாட்டி முடுக்குவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஆனி மாசம் பள்ளிக்கூடம் திறந்தது. கொஞ்ச நாள் நன்றாகப் போனேன். ஒரு நாள் காலையில் எல்லாரும் ஏறின பிறகு அப்பா செல்ப் பட்டனை அமுக்கினார். டக். அவ்வளவுதான். கிர்ர்ர் வரவில்லை. மறுபடி அமுக்கினார். டக்.

அப்பா ஹார்னை அடித்தார். தெரு நாய்கள் எழுந்து ஓடின. விளக்கைப் போட்டுவிட்டு அண்ணனை முன்னால் போய்ப் பார்க்கச் சொன்னார். "எரியுதுப்பா, நல்லா எரியுது."

"ஹார்ன் அடிக்குது, லைட் எரியுது, அப்ப பேட்டரி நல்லாத்தான இருக்கு" என்று அப்பா தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, எங்களை இறங்கித் தள்ளச் சொன்னார். இறங்கினோம். கையை வைக்கிறதுக்கு முன்னால் சும்மா இன்னொரு தடவை அமுக்கினார். கிர்ர்ர் என்று எடுத்துவிட்டது.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். லோடுமேன் மாமாதான் பின்னால் இருந்து எட்டிப் பார்த்து ஆரம்பித்தார்.

"மாப்ள, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. பாப்பா இறங்குனாத்தான் எடுக்குது."

"வாயக் கழுவுங்க மாமா" என்றார் அப்பா. ஆனாலும் மனசுக்குள் விழுந்துவிட்டது. அன்றைக்குத் தெருவே பார்க்கப் பரீட்சை நடந்தது. அண்ணன் இறங்கினான், நான் மட்டும் இருந்தேன். டக். நான் இறங்கினேன், அண்ணன் ஏறிக்கொண்டான். கிர்ர்ர். மறுபடி நான் ஏறினேன். டக். பக்கத்து வீட்டுக்காரி கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். கடைசியில் அப்பா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், சரியாகப் போயிருக்கும். அவர் திட்டவில்லை. அது என்னமோ காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, "நீ கொஞ்சம் அங்கிட்டு நில்லு தாயி, வண்டிய எடுத்துக்கிறேன்" என்றார்.

அதிலிருந்து காலையில் நான் வேப்பமரத்தடியில் பெட்டியோடு நிற்பேன். வண்டி எடுத்த பிறகு ஓடிவந்து ஏறுவேன். ஓடுகிற இஞ்சினை நான் ஒன்றும் செய்ததில்லை, அது நான் இருந்தாலும் ஓடியது. எடுக்கிறதுக்குத்தான் நான் ஆகாது.

அப்பா சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடம் லீவாக இருந்த ஒரு நாள் என்னையும் கூட்டிப்போய், சிம்மக்கல்லில் லோடு இறக்கிவிட்டு ஆற்றோரம் இருந்த ஒயரிங்காரரிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டார். அவர் வண்டிக்கு அடியில் புகுந்து செல்பைக் கழற்றி வெளியே எடுத்தார். அன்றைக்குத்தான் அதை முதல் முதலில் பார்த்தேன். ஒரு செம்பு அளவுக்கு இருக்கும் கறுப்பு உருளை, முனையில் சின்னதாக ஒரு பல்சக்கரம். இவ்வளவு சின்னதா அவ்வளவு பெரிய வண்டியை இழுக்கிறது என்று எனக்கு ஆச்சரியம். அவர் அதைக் காலால் மிதித்துக்கொண்டு இரண்டு வயரைத் தொட்டார். பொறி பறந்தது. செல்ப் கட்டுத்தறிக் கன்று மாதிரி துள்ளி, உய்ய்ய் என்று சுற்றியது. கருகின கரி வாசம். எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, ஆகாத பிள்ளைக்கு அது பிடித்திருக்கிறது என்றால் அதற்கும் ஒன்று சொல்வார்கள்.

"செல்புல குத்தமே இல்லண்ணே" என்றார் ஒயரிங்காரர். இருந்தாலும் உள்ளே கரண்டு கடத்துகிற, தேய்ந்துபோன கரித்துண்டுகளை மாற்றி மாட்டினார். பட்டனை அமுக்கினார், எடுத்தது. திரும்பத் திரும்ப அமுக்கினார், எடுத்தது.

அப்பா மெல்ல, "பிள்ள ஏறினா எடுக்க மாட்டேங்குதுண்ணே" என்றார்.

ஒயரிங்காரர் சிரித்தார். "ஏத்துங்க பாப்போம்." நான் ஏறி என் சாக்கில் உட்கார்ந்தேன். டக். சிரிப்பு நின்றது. ஹார்ன் அடித்துப் பார்த்தார், விளக்குப் போட்டுப் பார்த்தார். என்னை இறங்கச் சொன்னார், ஏறச் சொன்னார். திருப்புளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, அவ்வளவு சாமான் வைத்திருக்கிற மனிதர், அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போடுங்கண்ணே" என்றார்.

போட்டார்கள். எனக்கும் சுற்றினார்கள், வண்டிக்கும் சுற்றினார்கள். ஒன்றும் ஆகாததால் அப்பா வெள்ளிக்கிழமைப் பொட்டை இன்னும் பெரிசாக்கினார். பழைய சந்தனம் காய்ந்து பொருக்காக இருக்கும், அதற்கு மேல் புதுச் சந்தனம். நான் ஏறினால் எடுக்காதது கூடிக்கொண்டே போனது, சந்தனமும் கூடிக்கொண்டே போனது.

வீட்டு வாசலில் நடந்தது வரைக்கும் பரவாயில்லை. வழியில் ஒரு ரயில்வே கேட் உண்டு. கேட் போட்டிருந்தால் பெட்ரோல் மிச்சம் என்று அப்பா இஞ்சினை அணைத்துவிடுவார். கேட் திறந்ததும் நான் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். வண்டி எடுக்கும், அப்புறம் நான் ஏறுவேன். பின்னால் நிற்கிற லாரி, பஸ், மாட்டு வண்டி எல்லாம் அதுவரைக்கும் காத்திருக்கும். எங்களோடு தினமும் வருகிற டவுன் பஸ் கண்டக்டருக்கு இது பழகிவிட்டது.

"என்னண்ணே, இன்னைக்கும் பாப்பா இறங்கிருச்சா? அப்ப வண்டி போயிரும்."

பஸ் முழுக்கச் சிரிக்கும். லோடுமேன் மாமா எனக்குச் செல்ப் பாப்பா என்று பேர் வைத்தார். பாசமாகத்தான் வைத்தார். அந்தப் பேர் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆவணியில் ஒரு நாள் காலையிலேயே மழை. கேட்டில் நின்றோம். ரயில் போனது, கேட் ஏறியது. நான் வழக்கம்போல அண்ணனைத் தாண்டி இறங்கப் போனேன். ரோட்டோரம் கணுக்கால் அளவு சேறு. அப்பா என் பாவாடையைப் பார்த்தார். அம்மா முதல் நாள்தான் துவைத்து, செம்பில் கங்கு போட்டுத் தேய்த்துக் கொடுத்திருந்தாள்.

"நீ இறங்காத தாயி. சேறா இருக்கு. நான் ஹேண்டில் போட்டு எடுக்கிறேன்."

ஹேண்டில் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வண்டி மூக்கில் ஓட்டை இருக்கும், அதில் வளைந்த கம்பியை விட்டுச் சுற்றுவார்கள். செல்ப் செய்கிற வேலையைக் கை செய்யும். அதைப் பிடிக்கிறதுக்கு முறை உண்டு. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து மேல்நோக்கி இழுக்க வேண்டும். இஞ்சின் சில நேரம் எதிர்ப்பக்கம் உதைக்கும், அப்போது கம்பி கையை விட்டு நழுவிப் போய்விடும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தால் நழுவாது. அப்பாவுக்கு இது தெரியாமல் இல்லை. மழை, வழுக்கல், பின்னால் பஸ் ஹார்ன் மேல் ஹார்ன். இறுக்கிப் பிடித்துவிட்டார்.

கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா குனிந்தார், நிமிர்ந்தார், அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடவில்லை. வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டிருந்தார், மணிக்கட்டு இருக்கிற விதம் சரியாக இல்லை.

எல்லாரும் இறங்கி ஓடி வந்தார்கள். பஸ் டிரைவர் எங்கள் வண்டியில் ஏறி ஓரங்கட்டப் பார்த்தார். டக். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் சாக்கு மேல் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீ இறங்கிக்கம்மா" என்றார்.

இறங்கினேன். செருப்பு சேற்றில் புதைந்து அங்கேயே நின்றுவிட்டது. அவர் பட்டனை அமுக்கினார். கிர்ர்ர். முதல் அமுக்கிலேயே. கண்டக்டர் மழையில் நின்று என் செருப்பு புதைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது கேலி பேசியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

அப்பாவுக்கு எலும்புக் கட்டு வைத்தியர் வீட்டில் பச்சிலை வைத்து மூங்கில் பத்தை கட்டினார்கள். வண்டி நின்றது. அண்ணன் மெயின் ரோடு வரை நடந்துபோய் பஸ் ஏறினான். பொம்பளைப் பிள்ளையைப் பஸ்ஸில் விடுவதாக யாருக்கும் யோசனை இல்லை. "அப்பா கை கூடட்டும், போகலாம்" என்றாள் அம்மா. கூடியது, கொஞ்சம் கோணலாக. வண்டி மறுபடி கிளம்பிய காலையில் நான் நீலப் பாவாடை கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றேன். வண்டி எடுத்தது. நான் ஓடினேன். அப்பா கையை ஆட்டி நிறுத்தினார்.

"நாளைக்குப் பாப்போம் தாயி."

அந்த நாளைக்கு வரவே இல்லை. அலுமினியப் பெட்டியில் அம்மா அவரை விதை போட்டு வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் சமையல்கட்டில் அம்மா சொன்னது காதில் விழுந்தது. "தெனமும் நடுரோட்டுல இறக்கி இறக்கி ஏத்துனா, நாளைக்குப் பொண்ணு கேட்டு வாரவன் காதுல விழாதா? ராசியில்லாத பிள்ளைன்னு பேரு ஒட்டிக்கிட்டா யாரு அழிக்கிறது?"

"அதுக்குத்தான நிப்பாட்டுனேன்" என்றார் அப்பா. "கை போனதுக்காகவா நிப்பாட்டுனேன்."

அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது, விளங்கி என்ன செய்ய. என்னைக் காப்பாற்றத்தான் அவர்கள் படிப்பை நிறுத்தினார்கள். கொடுமைக்காரர்களாக இருந்திருந்தால் ஒருவழியாகத் திட்டித் தீர்த்திருப்பேன். பாசத்தில் செய்தார்கள், அதனால் வாயைத் திறக்கும்போதெல்லாம் பாதியில் மூட வேண்டியிருக்கிறது.

இன்னொரு எரிச்சல். நான் நின்ற பிறகு அந்த வண்டி ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. ஒரு நாளாவது பண்ணியிருக்கலாம். நான் இருந்த நடு இடத்தில் அப்பா துண்டையும் தூக்குவாளியையும் வைத்துக்கொண்டார். காலையில் படுத்துக்கொண்டே கேட்பேன், கிர்ர்ர் என்று சுத்தமாக எடுக்கும்.

எனக்கு வாய்த்தவர் யார் தெரியுமா? வண்டி ஒயரிங் பார்க்கிறவர். சொன்னால் நம்புங்கள், நானாகத் தேடிப் போகவில்லை. வில்லாபுரத்தில் வீட்டின் முன்பக்கமே கடை. ராசியில்லாத பிள்ளை என்ற பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. "எடுக்காத வண்டிய எடுக்க வைக்கிறதுதான் நமக்குச் சோறு, அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டாராம். நான் சும்மா உட்காருகிறவள் இல்லை. கரித்துண்டு மாற்றுவேன், செம்புப் பகுதியை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன், கழற்றினதைத் திரும்ப மாட்டுவேன். அந்தக் கருகின வாசம் பிடித்திருக்கிறது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

செல்ப் வேலை செய்கிற விதத்தை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். இஞ்சின் தானாக எழுந்திருக்காது. யாராவது நாலு சுற்றுச் சுற்றிவிட வேண்டும், அப்புறம்தான் பெட்ரோலைப் பிடித்துக்கொண்டு அதுவாக ஓடும். சாவியைத் திருகினாலோ பட்டனை அமுக்கினாலோ முதலில் ஒரு துளி கரண்டுதான் போகும். அது போய்ச் சொலினாய்டு என்கிற ஒரு சின்ன டப்பாவைத் தட்டும். அந்தத் தட்டுகிற சத்தம்தான் டக். டப்பா ஒரு பெரிய கதவைத் திறந்துவிடும். பேட்டரியிலிருந்து கரண்டு வெள்ளமாகப் பாயும். அந்த வெள்ளத்தில்தான் செல்ப் சுற்றும், அதன் சின்னப் பல்சக்கரம் இஞ்சினின் பெரிய சக்கரத்தைக் கடித்துச் சுற்றிவிடும். இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் பல்லை எடுத்துக்கொண்டு விலகிவிடும். கடிக்கிறதும் விலகுகிறதும் கண்ணிமைக்கிற நேரம்.

இப்போது கவனியுங்கள். ஹார்னுக்கும் விளக்குக்கும் ஓடை அளவு கரண்டு போதும். செல்புக்கு வைகை நிரம்பி வருகிற மாதிரி வேண்டும். பேட்டரி முனையில் அடைப்பு இருந்தால் ஓடை எப்படியோ கசிந்து போய்விடும், ஹார்ன் அடிக்கும், விளக்கு எரியும், டக் கூடக் கேட்கும். வெள்ளம் மட்டும் வராது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு டாக்ஸி வந்தது. டக், டக். வீட்டுக்காரர் விளக்கைப் போட்டுவிட்டு என்னை முன்னால் நிற்கச் சொன்னார். "நான் செல்ப் அடிக்கையில லைட்ட மட்டும் பாரு." அடித்தார். எரிந்துகொண்டிருந்த விளக்கு அப்படியே செத்துப்போனது.

"அணைஞ்சுபோச்சுங்க."

"அப்ப முனையிலதான் அடைப்பு." பானட்டைத் தூக்கினார். பேட்டரியின் இரண்டு முனையிலும், கிளாம்புக்கு உள்ளே வரைக்கும், காய்ந்த சந்தனம். "சாமிக்கு வைக்கிறத இதுக்குள்ள ஏன்தான் அப்புறாங்களோ. வெந்நி கொண்டா."

நான் வெந்நீர்ச் செம்போடு அங்கேயே நின்றேன். கையில் சுட்டது கூட உறைக்கவில்லை.

"ஏங்க, பேட்டரி மேல பலகை போட்டு, அதுமேல ஆளு உக்காந்தா?"

"பலகை வயர அமுக்கும். வயரு கிளாம்ப ஒருபக்கம் தூக்கும். சந்தனமும் இருந்துச்சுன்னா தொட்டும் தொடாமத்தான் இருக்கும்." சுரண்டிக்கொண்டே கேட்டார், "பேட்டரி மேல யாரு உக்காந்தா?"

"நாந்தான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஆறிப்போகுது. இந்த முனையில ஊத்து" என்றார்.

அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவும்போதும் எனக்கு அதே நினைப்புத்தான். எத்தனை தடவை ஏற்றிப் பார்த்தார்கள், எத்தனை தடவை இறக்கிப் பார்த்தார்கள். ஆளை மாற்றி மாற்றிப் பார்த்தார்களே, இடத்தை மாற்றிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே. அண்ணன் ஒரே ஒரு காலை அந்தச் சாக்கு மேல் உட்கார்ந்திருந்தால் அவனுக்கும் டக் என்றுதான் கேட்டிருக்கும். நான் ஜன்னல் கேட்டேனே. காற்றுக்காகத்தான் கேட்டேன், ஆனாலும் கேட்டேனே.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது வண்டி கொல்லையில் கிடந்தது. கோழி உள்ளே அடைகாத்தது. பேட்டரி இல்லை, பலகை மட்டும் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் வயர் அழுந்தின தடம் பள்ளமாக இருந்தது, சுண்டுவிரலை வைத்தால் பொருந்துகிற பள்ளம். அதில் மஞ்சளும் சிவப்புமாகப் பழைய சந்தனம், குங்குமம். அதைத் தூக்கிக்கொண்டு நேரே அப்பாவிடம் போனேன். அவர் கோணல் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் விளக்கினேன், வெள்ளம், ஓடை, சந்தனம், எல்லாம். பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் குடித்தார்.

"சரி தாயி. அன்னைக்கு உன்னைய இறக்குனா வண்டி எடுத்துச்சா, எடுக்கலையா?"

"எடுத்துச்சுப்பா, ஆனா..."

"அம்புட்டுத்தான." மோரை ஊற்றச் சொன்னார்.

பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன், அண்ணன் வந்தால் காட்டலாம் என்று. மறுநாள் காலையில் அம்மா அதைப் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்திருந்தாள். "காஞ்ச கட்டையா இருந்துச்சுத்தா" என்றாள். அந்த வெந்நீரில்தான் நான் குளித்தேன்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. லோடுமேன் மாமா எப்போதோ போய்விட்டார். வழக்கு தெரிந்த ஆள் என்று மிச்சம் இருக்கிறது அண்ணன் மட்டும்தான். அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது, கேலி போகவில்லை. எந்த விசேஷ வீட்டில் எந்த வண்டி நின்றாலும், "ஏத்தா, நீ கொஞ்சம் இறங்கு" என்பார். சின்னஞ்சிறுசுகள் எல்லாம் சிரிக்கும். பலகைப் பள்ளத்தைப் பற்றிச் சொன்னால், "சரி சரி" என்பார்.

போன மாசம் அண்ணன் மகன் புதுக் கார் வாங்கினான். கோயிலுக்குக் கொண்டுபோய் மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, என்னை ஒரு சுற்றுக் கூட்டிப்போக வில்லாபுரத்துக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் முன்னால் ஜன்னல் ஓரம். நான் பின்னால் ஏறி நடுவில் உட்கார்ந்தேன். வண்டி அணைந்துதான் இருந்தது, பார்த்துக்கொண்டேன். மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், இன்னைக்கு நான் இறங்குறதா இல்ல. இருந்த இடத்திலேயே இருக்கிறேன், இவர் காது கேட்க இது கிர்ர்ர் என்று எடுக்கட்டும்.

அண்ணன் திரும்பினார். "ஏத்தா..."

"இறங்க மாட்டேன்ணே. எடுக்கச் சொல்லு."

மருமகன் ஏதோ ஒரு பட்டனைத் தொட்டான். நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. டக்கும் இல்லை, கிர்ர்ரும் இல்லை. பார்த்தால் என் வீட்டு வாசல் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது.

"என்னய்யா, எப்ப எடுத்த?"

"எடுக்கிறதுக்கு என்ன அத்தை இருக்கு? இது கரண்டு வண்டி. இஞ்சினே கிடையாது, அப்புறம் செல்ப் எதுக்கு?"

அண்ணன் தோள் குலுங்கச் சிரித்தார். "பாத்தியாடா உங்க அத்தைய. செல்ப் இல்லாத வண்டியாப் பாத்து ஏறிருக்கா."

அவனியாபுரம் தாண்டியது. பிறகு கேட்டேன், "அண்ணே, நீ பின்னால வாயேன். நான் கொஞ்ச தூரம் அந்த ஜன்னல் ஓரமா உக்காந்து வாரேன்."

"போத்தா. எனக்குக் காத்து வேணும்."

நாலு கண்ணாடியும் ஏற்றி ஏசி ஓடிக்கொண்டிருந்தது.